படியில்லாத அறை

“உன் வீட்டு வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்!”

“நானும் கூப்பிட மாட்டேன்ப்பா, போங்க!”

மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று பேசிய பேச்சு, ரம்பம் இழுக்கும்போதெல்லாம் தச்சரின் காதில் விழுந்தது. பூட்டிக் கிடந்த பழைய அலுவலகம் ஒன்றை, வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் தங்குவதற்காகப் பலகையடித்து அறைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, எல்லா ரூமுக்கும் வாசப்படி வெச்சுட்டுக் கடைசி ரூமை மறந்துட்டீங்க? வயசாயிடுச்சா?” என்று சீண்டினார் மேஸ்திரி.

“மறப்பேனா? அங்க வர்ற குழந்தை இப்பதான் தவழுதாம். படி தடுக்கும்.”

“கண்ணால பாத்த மாதிரி சொல்றீங்க!”

“அதுக்கு இன்னும் கொடுத்து வைக்கலப்பா” என்றவர், மறுபடி ரம்பத்தை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கடைசி அறைக்குக் குழந்தையோடு வந்தவள் அவருடைய மகள். வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தும் பாராதவள்போல, குழந்தையை இறக்கிவிட்டு மூட்டையைப் பிரித்தாள். குழந்தை தடையில்லாமல் தவழ்ந்து வந்து தாத்தாவின் காலைப் பிடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலின் வெறுந்தரையையும் பார்த்தாள்.

அவர் பேரனை அள்ளிக்கொண்டார்.

“இங்கதான் மிதிக்கப் படியே இல்லியேம்மா... அப்பா உள்ள வரட்டுமா?”