நாற்பது பொட்டலம்

"பத்துப் பொட்டலம் போதும் பாய்," என்றாள் பிரேமலா.

"பத்தா? கிறிஸ்மஸ் பிரியாணி சிஸ்டர்! காதுகுத்துக்கே அம்பது கேக்குறாங்க லா!"

மலைமேல் பிரிஞ்சாங் டவுனில் இருபது வருடமாகச் சாப்பாட்டுக்கடை நடத்தும் தாஜுதீன், விலையைக் குறைக்கச் சொல்லி மூக்கால் அழும் வாடிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறார். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டும் ஆளை இன்றுதான் பார்க்கிறார். ஆர்டர் கேட்பதற்காகவே வேனை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்திருந்தார்.

"வர்றதே பதினோரு பேர். அதுல ரெண்டு பேருக்குச் சர்க்கரை."

"அவ்வளவுதான் பாய் நம்ம சபை," என்றபடி உள்ளேயிருந்து வந்தார் அவள் கணவர் பாஸ்டர் ஜெபசிங். "சனமெல்லாம் வேலைக்குக் கீழே ஈப்போ டவுனுக்கு இறங்கிட்டு. தோட்டத்து லயத்து வீடுகள்ல இப்ப பங்களாதேஷ்காரங்கதான்."

தோட்டத்துக் கோயிலில் ஊழியம் செய்யவென்று இருவரும் தங்கள் ஊரான நாசரேத்திலிருந்து கடல் தாண்டி வந்து ஆறு வருடம். அவர்களை அனுப்பிய மிஷன் சங்கத்தின் செயலாளர் நாளைக் காலை கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வருகிறார். அதில் இருபத்தைந்து தலைக்குக் குறைந்தால் சபையை மூடிவிட்டு, குடும்பத்தை ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்வார். பிரிஞ்சாங் கடைத்தெருவுக்கே தெரிந்த செய்தி இது.

"வாயத் தொறந்து கேளுங்க பாஸ்டர். இன்னும் ஒரு வருஷம் டைம் குடுங்கன்னு."

"நானா எதையும் கேக்க முடியாது பாய். இருன்னா இருக்கணும், வான்னா போகணும். வாக்குக் குடுத்துட்டு வந்தவன்."

ஈரம் பூத்த சுவரோரம் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டி நின்றன. ஒன்றின் மேல், சின்னதாய் ஒரு சிவப்புக் கவுன் மடித்து வைத்திருந்தது.

"பாப்பாவுக்கா? இன்னும் போஸ்ட் பண்ணலையா?"

அவர்கள் மகள் அக்சாவுக்கு எட்டு வயது. ஊரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். பிரேமலா கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பார்ப்போம் பாய்."

"அதுக்குள்ள பெட்டி வேற கட்டியாச்சு! இப்படியா கை விடுறது?"

பிரேமலா கவுனின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் விலை பேசிவிட்ட மாதிரி இருந்தது தாஜுதீனுக்கு. "சரி, பத்து," என்று எழுந்துகொண்டார்.

இறக்கத்தில் பனிமூட்டம் வேன் கண்ணாடியை மறைத்தது. போன வருடம் அவர் மனைவி ஆரிஃபா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்று நாள் கடையில் நின்று தே தாரேக் டீயை இழுத்து ஆற்றியவர் இந்தப் பாஸ்டர்தான். அதைக் குடித்தவர்கள் இன்னும் திட்டுகிறார்கள். அது வேறு விஷயம். அப்பேர்ப்பட்ட மனிதனுக்குப் பதினாலு தலை திரட்ட முடியாதா?

வேனை ஓரங்கட்டிவிட்டு போனை எடுத்தார்.

"முருகையா, நாளைக்குக் காலைல உன் காய்கறி லோரி சும்மாதானே நிக்குது?"

மறுநாள் கோயில் முகப்பில் காகித நட்சத்திரம் நனைந்து தொங்கியது. உள்ளே பதினோரு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் செயலாளர் திரும்பிப் பார்த்து, எண்ணி, நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் லோரி உறுமிக்கொண்டு வந்தது.

கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடைப் பெண்கள், தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, ரூபினி டீச்சர் என்று இருபத்தாறு பேர், முட்டைக்கோஸ் வாசனையோடு குதித்து இறங்கினார்கள். பாதிப் பேர் நெற்றியில் திருநீறு.

"நான் வாசலோட நின்னுக்கிறேன். நீங்க போங்க. எழுந்திரிக்கச் சொன்னா எழுந்திரிங்க, உட்காரச் சொன்னா உட்காருங்க," என்றார் தாஜுதீன்.

"பாட்டு?" என்றார் முருகையா.

"வாயை அசை. பத்துமலைக்குக் காவடி எடுத்தவன்தானே, கத்தத் தெரியாதா?"

முருகையா இரண்டு இடத்தில் தேவையில்லாமல் ஆமென் சொன்னார். மற்றபடி பிசகில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் பிரேமலா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆராதனை முடியும்வரை அழுகை நிற்கவில்லை.

"அம்மா சந்தோஷத்துல எப்படி அழுவுது பாருங்க பாய்," என்று வெளியே வந்த முருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செயலாளர் பாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த இடத்தையா மூடுறது? திருநீறு பூசினவங்க கூடத் தேடி வர்றாங்க! மூணு வருஷம் நீட்டிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன், ஜெபசிங்!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டு, "கர்த்தருடைய சித்தம்," என்றார். அவர் குரல் பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது.

பத்துக்குப் பதில் நாற்பது பொட்டலம் கொண்டுவந்திருந்தார் தாஜுதீன். வந்தவர்களுக்குக் கொடுத்தது போகக் கடைசி இரண்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். "எப்படி நம்ம வேலை?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கதவு திறந்திருந்தது. கட்டிய பெட்டியின் மேல் சிவப்புக் கவுனோடு உட்கார்ந்திருந்தாள் பிரேமலா. கையில் போன். திரையில் அக்சா, தலை சீவாமல், பின்னால் வரிசையாகக் காலிக் கட்டில்கள்.

"ஹாஸ்டல்ல எல்லாரும் ஊருக்குப் போயாச்சும்மா, நானும் வார்டன் அக்காவும்தான். நீங்க சொன்ன மாதிரியே தினம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன், நம்ம கோயிலுக்கு யாருமே வரக் கூடாதுன்னு. யாரும் வரலைதானேம்மா?"