கூடாரத்தின் வாசற்படி

ஜிப்பைத் திறந்துவிட்டு அவள் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

கூடாரத்தின் வாசலில், கீழே, ஒரு சாண் உயரத்துக்குத் துணித் தடுப்பு இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வைத்தது. பத்து மாதப் பரிதி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

வெளியே ஏலகிரியின் காலை வெயில். ஈரப் புல். ஒரு மைனா.

தள்ளி, அவனுடைய அப்பா சாய்ந்துபோன முளைக்குச்சியை மூன்றாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தான்.

பரிதி ஒரு முழங்காலைத் தூக்கினான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கேலி செய்யாத ஆள் பாக்கியில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையில் கூடாரமா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா என்று அவளுடைய அம்மாவே கேட்டாள். குழந்தைக்குக் காற்று மாறினால் நல்லது என்று இவள் சொல்லி வைத்தாள்.

காற்றாவது, மாறுவதாவது.

பவளாக்கா இல்லாமல் இரண்டு நாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பவளாக்காதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். காலை எட்டு மணிக்கு வருவாள். இவள் ஆபீஸ் முடிந்து வரும்வரை இருப்பாள். கைச்சுத்தம், வாய்ச்சுத்தம். சண்டை போடக்கூட வழியில்லாத நல்லவள்.

பரிதி முதன்முதலாகக் குப்புற விழுந்ததைப் பார்த்தது பவளாக்கா. முதல் பல் பதிந்தது பவளாக்காவின் விரலில். சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொல்லிவிடுவாள்.

பல் சேதி கேட்ட அன்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் நீங்களே பாத்துடுங்க. நான் எதுக்கு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்.

அன்றிலிருந்து பவளாக்கா ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிட்டான், தூங்கினான், வெளிக்குப் போனான். இரண்டு மாதமாகப் பிள்ளை புதிதாக எதையுமே செய்யவில்லை போலிருக்கிறது.

அதனால்தான் இந்தக் கூடாரம். இரண்டு நாளில் ஏதாவது ஒன்றை அவன் செய்தாக வேண்டும். அதை அவள் முதலில் பார்த்தாக வேண்டும்.

நேற்று முழுக்கக் காத்திருந்தாள். அவன் புல்லைப் பிடுங்கினான். மைனாவைப் பார்த்தான். சாப்பிட்டான், தூங்கினான், வெளிக்குப் போனான்.

இன்று மத்தியானம் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

இப்போது அவன் வயிறு தடுப்பின் மேல் மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு கால்களும் காற்றில் உதைத்தன.

தூக்கிவிடக் கை பரபரத்தது. கையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அவர்களுடைய ஃபிளாட்டில் உள்ளறைகளுக்குப் படி கிடையாது. வெளிவாசலுக்கு மட்டும் உண்டு. அவள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கதவு சாத்தியே கிடக்கும். பிள்ளை முதன்முதலாக வாசற்படி தாண்டினால் அதன் வாயில் இனிப்பு வைப்பார்கள். அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள்.

துணியாக இருந்தால் என்ன. வாசல் என்றால் வாசல்தான், படி என்றால் படிதான்.

ஒரு கால் வந்தது. பிறகு மொத்தப் பிள்ளையும் புல்லில் போய் விழுந்தான்.

அழவில்லை.

"தாண்டிட்டான்!" என்று கத்தினாள்.

கணவன் சுத்தியலோடு நிமிர்ந்தான்.

"எதை?"

அவனிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒருத்தியிடம்தான். தான் எரிந்த எரிச்சலில் கால்வாசியாவது பவளாக்காவும் எரிய வேண்டும். அது சின்னப் புத்தி என்று தெரிந்தேதான் போனை எடுத்தாள்.

"அக்கா, பரிதி படி தாண்டிட்டான். இப்பதான். என் கண்ணு முன்னாடி."

"அட என் ராசா! ஐயோ, அதைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கலியே!"

குரலில் அப்படி ஓர் ஏக்கம். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் குளிர்ந்தது.

"நெத்தியில முட்டிக்கலையே? துளி வெல்லம் இருந்தா வாயில வைம்மா. தாண்டின உடனே வாயைத் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பான், பாவம்..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

பவளாக்கா வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

அவள் திரும்பினாள்.

பரிதி புல்லில் சம்மணமாக உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது. கீழே இரண்டு பல். கை நீட்டவில்லை, சிணுங்கவில்லை. தாண்டினால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எத்தனை தடவை தாண்டியிருப்பான். எத்தனை துளி வெல்லம்.

தெரிந்தும் ஒருத்தி இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. பாக்கக் குடுத்து வைக்கலியே என்று கொஞ்ச நேரம் முன்னால் பொய்யும் சொன்னாள். அந்தப் பொய்யின்மேல்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது. தனக்கு அது வந்திருக்காது.



"இல்லக்கா," என்றாள். "அவன் வாயைத் தொறக்கல."



"அப்படின்னா இதுதாம்மா மொத தடவ," என்றாள் பவளாக்கா.

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சாமான் பையை இழுத்துப் புல்லில் கவிழ்த்தாள். பொட்டலம் பொட்டலமாக விலக்கித் தேடினாள்.

பரிதி இன்னும் வாயை மூடவில்லை.