டாக்டர் போட்ட கோடு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு கோட்டின் கதை சொல்கிறேன். குளியலறைச் சன்னல் வெயிலில், பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர் முக்காலியில் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கணையத்தில் புற்றுக்கட்டி; கண்ணெல்லாம் மஞ்சள். விலாவுக்குக் கீழே, கத்தி வைக்க டாக்டர் பேனாவால் போட்ட நீலக் கோடு. ஆபரேஷன் அறை வாசல் வரை போனவரை, ஊரெல்லாம் கொள்ளைநோய், தீவிர சிகிச்சைக் கட்டிலெல்லாம் அந்தத் தொற்று நோயாளிகளுக்கு வேண்டும், பிறகு கூப்பிடுகிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதங்கள் ஓடிவிட்டன. குளித்துக் குளித்து மங்கும் கோட்டின் மேல் மனைவிதான் மறுபடி மறுபடி வரைகிறாள். அவள் துண்டால் அவர் வயிற்றை ஒற்றும்போது, "அழுத்தித் தேய்க்காதடி, கூப்பிட்டா அப்படியே போய்ப் படுக்கணும்" என்கிறார். "தெரியும், பேசாம இருங்க." "டாக்டர் போட்டதே கோணல். நீ அதைவிடக் கோணல். என் தொழிலுக்கே அவமானம்." "சிரிக்காதீங்க, வயிறு ஆடுது." ஒட்டிய வயிறு குலுங்கி அடங்குகிறது. விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததை அவள் இன்னும் சொல்லவில்லை. நேற்று எடுத்த ஸ்கேனில் நோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்றார்கள். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக இழுக்கிறாள். அவர் குனிந்து பார்க்கிறார். "அட, இன்னைக்குத்தான் நேரா வந்திருக்கு." அவள் கோட்டின் மேல் வாய் குவித்து ஊதுகிறாள், மை காய வேண்டுமே. உங்கள் வீட்டு நோவுக்கெல்லாம் வேளையோடு கட்டில் கிடைக்கட்டும், மக்களே. குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.