கமலக்கண்ணனின் முன்னுரை

உப்பளத்து ரசிகர் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் பழைய மர்மப் படம் போடுவார்கள். அதற்கு முன் தலைவர் கமலக்கண்ணன் அரை மணி நேரம் பேசுவார். “மதாம், மெஸ்ஸியே” என்று பிரெஞ்சில் சபையை விளித்துத் தொடங்கி நிழல், ஒளி, பிரெஞ்சு விமர்சகர்கள் என்று எங்கோ உயரத்தில் பறக்கும் பேச்சு, கொலைகாரன் யார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் தரையிறங்கும்.

பொறுத்துப் பார்த்த உறுப்பினர்கள் இன்று படத்துக்கு முன்பே கூட்டம் போட்டுவிட்டார்கள்.

“இனிமே தலைவர் மைக்கைத் தொடக் கூடாது. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்றார் செயலாளர் பஞ்சநாதன்.

“எனக்கு இருக்கு,” என்று எழுந்தாள் சரிதா. “சார் பேசலன்னா நாங்க வரவே மாட்டோம்.”

கமலக்கண்ணன் சால்வையைச் சரிசெய்துகொண்டு மைக்கைக் கையில் எடுத்தார். “பாத்தியா பஞ்சநாதா, கலை தெரிஞ்சவங்களும் இருக்காங்க! சொல்லும்மா, என் பேச்சுல எது உனக்குப் புடிச்சிருக்கு?”

“கொலைகாரன் யாருன்னு சொல்றீங்களே, அதுதான் சார்.”

மண்டபமே சிரித்தது. சரிதா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவரின் தோளில் கை வைத்தாள்.

“இவருக்குப் போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்துச்சு. டென்ஷனே ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா இந்த மாதிரி படம்னா இவருக்கு உசுரு. நீங்க முடிவைச் சொல்லிடறதால பதறாம பாக்கறாரு. வாரத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் சந்தோஷமா இருக்காரு. ரொம்ப நன்றி சார்.”

கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கமலக்கண்ணன் மைக்கைப் பஞ்சநாதனிடம் கொடுத்துவிட்டு அவர்கள் அருகில் போய், மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்தார். அவர் வாழ்க்கையிலேயே சுருக்கமான முன்னுரை அதுதான்.

“இன்னைக்கு, சமையக்காரன்.”