நாலு விரல் இடைவெளி

உத்தரத்தின் கம்பிகளைச் சுற்றிப் பூட்டும் ரிங்குகள் தூணோரத்தில் நாலு விரல் இடைவெளியில் நெருக்கமாக இருக்க வேண்டும். கம்பி கட்டும் பேச்சிமுத்து முழுக்க ஒரே அளவில் பரப்பிக் கட்டியிருந்தார். இதே வீட்டில் இன்ஜினியர் எஸ்தர் இதைச் சொல்வது மூன்றாவது முறை.

“ஒரே சீரா, பூ தொடுத்த மாதிரி இருக்கு மேடம்.”

“தலையில வைக்கவாண்ணே போறோம்? பாரம் தாங்கலேன்னா நடுவுல தொய்யும், விரிசல் காட்டும், எறங்கி ஓடிரலாம். இந்த ஓரம் சொல்லாம கொள்ளாம அறுந்துரும்.”

கீழே கான்கிரீட் லாரியின் வயிறு சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கதிரேசன் கம்பிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “பத்தரைக்கு நல்ல நேரம் முடியுது பாப்பா. இப்ப ஊத்திருவோம். ரிங்கை அப்புறமா சொருகிக்கலாம்.”

“அப்புறமா சொருக இது என்ன கொண்டை ஊசியா? ஒரு மணி நேரம் குடுங்க, கட்ட வச்சுத் தர்றேன்.”

“லாரியும் நிக்காது, நேரமும் நிக்காது. கான்கிரீட் குழாயைத் தூக்குங்கப்பா!”

பேசிப் பேசி எஸ்தருக்கு வாய்தான் வலித்தது. பலகை மேல் நடந்து தூணோரம் போனாள். இரண்டு ரிங்குகளுக்கு நடுவே வலது காலை விட்டாள். செருப்போடு கணுக்கால் வரை தாராளமாக இறங்கியது.

“நாலு விரல் நுழையிற எடத்துல என் கால் நுழையுது. காலோட சேத்து ஊத்துங்க.”

குழாய் அவள் தலைக்கு மேலே வந்து நின்றது. பேச்சிமுத்துவின் கை இடுப்பில் செருகியிருந்த, ரிங்கைக் கட்டும் கொக்கியைத் தொட்டது, எடுக்கவில்லை.

“மணி என்னப்பா?” என்றார் கதிரேசன். கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது.