ரூபேந்திரனின் கைப்பக்குவம்

சுபத்திரா சோபாவில் காலை நீட்டி, கண்ணை மூடிக் கிடந்தாள். வேலைக்குப் போட்டுப் போன சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

குசினியில் அவள் கணவன் ரூபேந்திரன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏர் ஃபிரையர் முன்னால் நின்றிருந்தான்.

பொந்தியானிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய திலகம் குசினியில் மகனைப் பார்த்தார். சோபாவில் மருமகளைப் பார்த்தார். கைப்பையை மேசைமேல் ‘தொப்’பென்று வைத்தார். சுபத்திரா பதறி எழுந்தாள்.

“மாமி! வாங்க மாமி. வர்றீங்கன்னு சொல்லவே இல்லையே?”

“என் மகன் வீட்டுக்கு வர்றதுக்குச் சொல்லிட்டு வேற வரணுமா?”

அலமாக், ஆரம்பமே சரியில்லை! சுபத்திரா மாமிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உண்மையில் வரச் சொன்னதே மகன்தான். காலையில் போன் போட்டு ஒரே புலம்பல்.

“அம்மா, தினமும் நான்தான் சமைக்கிறேன். அவ சிங்கப்பூர்லருந்து வந்ததும் அப்படியே சாஞ்சிடுறா. இப்ப சூப்பர்வைசர் வேற ஆக்கிட்டாங்களாம். இனிமே கேட்கணுமா? நீங்க வந்து அவளை வேலையை விடச் சொல்லுங்க. உங்க பேச்சை அவ தட்டமாட்டா.”

அவள் என்ன, யாருமே தட்டமாட்டார்கள். திலகம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரல் கேட்டால் பொந்தியானில் பாதி ஊர் இன்னும் எழுந்து நிற்கும்.

சுபத்திரா இருட்டோடு எழுந்து, சிங்கப்பூர் போகும் காஸ்வே பாலத்து நெரிசலில் நின்று நின்று கால் வீங்கி வாங்கிய பதவி. மாமி ஒரு வார்த்தை சொன்னால் அவ்வளவுதான்.

“என்ன தம்பி சமையல்?”

“இறால்மா. எண்ணெய் இல்லாம மொறுமொறுன்னு வரும் பாருங்க. செனாய் தொழிற்சாலையில வேலை முடிஞ்சு வந்ததும் நேரா குசினிதான். நமக்கு ரெஸ்டே கிடையாது.”

ஏர் ஃபிரையர் ‘டிங்’ என்றது. ரூபேந்திரன் பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து நடந்துபோய் அதைத் திறந்தான். திலகம் ஒரு இறாலை எடுத்து, ஊதி, வாயில் போட்டார்.

“அட! நல்லா இருக்கே!”

“எல்லாம் கைப்பக்குவம்மா.”

“நான் வறுத்துக் குடுத்த மசாலாத் தூளா?”

“அதேதான்.”

“மெஷின் காத்துல தூள் கருகியிருக்கணுமே. எதுல போட்டுப் பெரட்டின?”

“அது... அதுவா பெரண்டுக்கும்மா.”

“சரி. குடல் எடுத்தியா?”

“இறாலுக்கு ஏதும்மா குடல்?”

சுபத்திராவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விடிவதற்கு முன்னால் ஒவ்வொரு இறாலாக முதுகைக் கீறி, குடலை உருவி, தயிரில் தூளைக் குழைத்துப் பிரட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியவள் அவள்தான்.

“மாமி, அது வந்து...”

“நீ சும்மா இரு பிள்ளை. நான் என் மகன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.”

திலகம் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே மூடி போட்ட டப்பாக்கள்.

“இதெல்லாம் என்ன தம்பி?”

“நாளைக்குக் கோழி. மத்த நாளுக்கு மீன். அவ கழுவி, வெட்டி, மசாலா தடவி வெச்சிருவா. அது சும்மா எடுபிடி வேலைமா. சமைக்கிறது நான்தானே?”

“சோறு?”

“குக்கர்ல அரிசியப் போட்டு டைமர் வெச்சிட்டுப் போயிடுவா. அது தானா வெந்துக்கும்.”

“அப்ப நீ?”

“பக்கத்துலயே நிக்கணும்லா! கருகிடுச்சுன்னா?”

“ஆமா ஆமா. கஷ்டம்தான்.”

திலகம் முகத்தில் சிரிப்பே இல்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளை மேய்த்த முகம், அவ்வளவு லேசில் பிடி கொடுக்குமா?

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ‘சொல்லுங்க’ என்று ரூபேந்திரன் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினான். திலகம் தொண்டையைச் செருமினார்.

“இங்க பாருங்க ரெண்டு பேரும். இப்படியே போனா இந்த வீடு உருப்படாது. ஒருத்தர் வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கத்தான் வேணும்.”

சுபத்திராவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“மாமி, இந்த வேலைக்காக நான் எவ்வளவு பாடு பட்டிருக்கேன்னு...”

“நான் இன்னும் பேசி முடிக்கல, பிள்ளை.”

“பெரியவங்க நல்லதுக்குத்தான் சொல்வாங்க சுபா,” என்றான் ரூபேந்திரன். குரலில் அப்படியொரு பெருந்தன்மை! “அம்மா என்ன முடிவு சொன்னாலும் நான் கட்டுப்படுறேன். நீயும் கட்டுப்படணும். சரிதானேம்மா?”

“பேச்சு மாறமாட்டியே?”

“சாமி சத்தியமா மாறமாட்டேன்.”

சுபத்திரா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இனி பேசி என்ன ஆகப்போகிறது?

திலகம் ஒரு கரண்டி இறாலை அள்ளி மகன் தட்டில் வைத்தார்.

“நல்லது. இவ்வளவு கைப்பக்குவம் உள்ள ஆளைப் போய் தொழிற்சாலையில போட்டு வதைக்கலாமா? நாளைக்கே வேலைய விடுறேன்னு லெட்டர் குடுத்துடு, தம்பி!”