குட்டி கேபினட்

“இந்தக் குட்டி கேபினட்டுக்குள்ள முழுக் கம்ப்யூட்டரையும் அடக்கிக் காட்டுங்க தம்பி. அப்புறம் எம்பொண்ணைக் கைப்பிடிக்கிறதைப் பத்திப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போன கம்ப்யூட்டர் கடைக்காரர், மாலையில் திரும்பி வந்தார்.

மேசையில் ஒரு திருகுகூட மிச்சமில்லை. பையன் மட்டும் கேபினட்டுக்குள் கையை விட்டபடி நின்றான். எதிர்ப்பக்கம் நின்ற மகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரவாயில்லையே. மூடியைப் போடுங்க.”

“கை மாட்டிக்கிச்சு சார்.”

“எதுல? ஃபேன்லயா?”

பையன் நெளிந்தான். கடைக்காரர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். உள்ளே, ஒயர்களுக்கு நடுவே, அவன் கையோடு ஒரு வளையல் கையும் கோத்துக் கிடந்தது.

“மரியாதையா கையை விடுங்க தம்பி.”

“நான் எப்பவோ விட்டுட்டேன் சார். உங்க பொண்ணுதான் விட மாட்டேங்கறாங்க.”